திண்ணை இல்லாத வீதியில் எங்கே உட்காருவது?

புதுச்சேரிக்கு வந்து போகிறவர்கள் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மஞ்சள் சுவர், அதில் வெள்ளைக் கரை, சுவருக்கு மேலே தலை நீட்டும் காகிதப்பூ, நீலப் பலகையில் பிரெஞ்சிலும் தமிழிலும் வீதியின் பெயர். அந்தச் சுவரில் சாய்ந்தபடி ஒரு பெண்ணோ பையனோ நிற்பார்கள். சனி, ஞாயிறுகளில் துமா வீதியிலும் ரோமன் ரோலன் வீதியிலும் நடக்க வழியில்லாத அளவுக்கு இந்தப் படமெடுப்பு நடக்கிறது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நம் ஊரை நாலு பேர் அழகு என்று சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் 'புதுவையின் பாரம்பரியம்' என்ற பேச்சு வரும்போதெல்லாம் அந்த மஞ்சள் சுவரை மட்டுமே காட்டுவது சரியில்லை என்பது என் கட்சி. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, நாம் பிறந்து வளர்ந்த வீதிகளில் வேறொன்று இருந்தது. அதைப் படமெடுத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். தாழ்வாரத்தையும் திண்ணையையும்தான் சொல்கிறேன். அவை ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. 2014 நவம்பர் மழையில் கடற்கரையோரம் நின்ற பழைய மேரி கட்டடம் இடிந்து விழுந்தபோது ஊரே போய்ப் பார்த்து வருத்தப்பட்டது. அதைப் பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021ல் திறந்தார்கள். நல்ல காரியம். ஒரு திண்ணை இடிபடும்போது பக்கத்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்ப்பதில்லை. இதில் அதிக நஷ்டம் நம்மைப் போன்ற வயதானவர்களுக்கு. ஆகவே நாம்தான் இதைப் பேச வேண்டும்.

முதலில் ஊர் அமைந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

1693ல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்து, 1699ல் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இடையில் அவர்கள் வரைந்த திட்டத்தில்தான் நம் நேர்த்தெருக்களின் வேர் இருக்கிறது என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். 1761ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். 1765ல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து, பழைய தெருக்களின் கோட்டிலேயே மறுபடி கட்டினார்கள். கிழக்கே கடலோரம் அவர்கள் பகுதி, மேற்கே நம் பகுதி, நடுவில் வாய்க்கால். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பேச்சில் ஒன்று வெள்ளை ஊர், மற்றது கறுப்பு ஊர். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது.

இரண்டு பகுதியிலும் தெருக்கள் நேர்தான். ஆனால் வீடு தெருவைப் பார்க்கும் விதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிரெஞ்சு வீட்டுக்குத் தெருவோரம் உயரமான மதில் இருக்கும், பெரிய வாயிற்கதவு இருக்கும். அதற்குள்ளே தோட்டம், அதற்கும் உள்ளே தூண் வைத்த வராந்தா. வீட்டின் முகம் தோட்டத்தைப் பார்க்கும், முதுகு தெருவைப் பார்க்கும். நம் வீட்டுக்கு மதில் கிடையாது. பக்கத்து வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டி, வரிசையாக, தெருவைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும். இன்று எல்லாரும் படமெடுக்கிற அந்த மஞ்சள் சுவர், உண்மையில் தெருவில் போகிறவனை உள்ளே விடாமல் நிறுத்துவதற்காகக் கட்டியது. அழகான சுவர்தான். ஆனாலும் அதன் வேலை அதுதான்.

தாழ்வாரத்துக்கு வருகிறேன். வீட்டுச் சுவரிலிருந்து தெருப்பக்கம் சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரையை மரத்தூண்கள் தாங்கும். அந்த நிழல் விழும் இடம் பத்திரக் கணக்கில் யாருடையது என்று கேட்டால் வில்லங்கம்தான். வழக்கத்தில் அது நடந்து போகிற எல்லாருக்கும் பொது. இரண்டு மூன்று படி ஏறினால் வாசற்கதவின் இருபுறமும் திண்ணை. முழங்கால் உயரம், ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கும் நீளம். சில வீடுகளில் தலை வைத்துக்கொள்ளச் சுண்ணாம்பிலேயே எழுப்பிய திண்டும் உண்டு. பிறகு கதவு, நடை, முற்றம், கூடம், கடைசியில் அடுக்களை.

தெருவிலிருந்து அடுக்களை வரைக்கும் இத்தனை நிலை. யார் எதுவரை வரலாம் என்பதை வீடே சொல்லிவிடும். வழிப்போக்கன் தாழ்வாரத்தோடு சரி. தபால்காரரும் பால்காரரும் படி வரை. கணக்குப் பார்க்க வந்தவர், பத்திரம் எழுத வந்தவர், பேச்சுத்துணைக்கு வந்தவர் திண்ணையில். உறவு என்றால் கூடம். 'உள்ளே வாங்க' என்று சொல்லவும் வேண்டாம், 'வராதீங்க' என்று முகம் சுளிக்கவும் வேண்டாம்.

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். 'உன் வீட்டை வர்ணித்து எழுது' என்று கட்டுரை கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது திண்ணை வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அகராதியைப் புரட்டினேன். 'பாங்' என்றால் பெஞ்சு. 'பெரோன்' என்றால் வாசற்படி மேடை. 'வெராந்தா' இருக்கிறது, அது வேறு. எதுவும் பொருந்தவில்லை. மறுநாள் ஆசிரியரைக் கேட்டேன். அவர் பிரான்சிலிருந்து வந்தவர். நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கியதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அந்த இடம் வீட்டுக்காரருடையதா, தெருவுடையதா?" என்று கேட்டார். "இரண்டும்தான், முசியே" என்றேன். சிரித்துவிட்டு, "தமிழ்ச் சொல்லையே போடு" என்றார். அவர் கேள்விதான் திண்ணைக்குச் சரியான விளக்கம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வீட்டுக்காரர் செலவில் கட்டி, தெருவுக்குக் கொடுத்த இடம் அது.

அதில் வெறும் தாராள மனசு மட்டும் இல்லை, கணக்கும் உண்டு. புதுவையில் கிழக்கு மேற்காக ஓடும் வீதிகள் கடலைப் பார்த்துத் திறந்திருப்பவை. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பினால் அந்த வீதிகளின் வழியே ஊருக்குள் வரும். முற்றத்தில் சூடான காற்று மேலே போகப் போக, அந்த இடத்தை நிரப்ப வாசல் வழியாகக் காற்று உள்ளே இழுபடும். வாசற்கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மின்விசிறி இல்லாமலே வியர்வை அடங்கும். தாழ்வாரம் சித்திரை வெயிலைச் சுவரில் படவிடாது, ஐப்பசி மழையைக் கதவில் அடிக்கவிடாது. வீட்டுக்காரருக்குச் சுவர் பிழைத்தது, வழிப்போக்கனுக்கு நிழல் கிடைத்தது. வீதி நெடுக வீடுகள் இப்படி ஒட்டி நின்றால், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாதி வழி நிழலிலேயே நடந்துவிடலாம்.

இந்த அமைப்பு பிரெஞ்சு அழகுக்கு எதிரியாகவும் இருந்ததில்லை. ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இன்றும் நிற்கிறது. துய்ப்ளெக்ஸுக்குத் துபாஷியாக இருந்தவர், 1736ல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நாட்குறிப்பு எழுதியவர். அவர் வீட்டில் கீழ்த்தளம் மரத்தூண் வைத்த தமிழ்க் கட்டு, மேல்தளம் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். வாய்க்காலுக்கு மேற்கே பல பெரிய வீடுகளில் இதே கலவையைக் காணலாம். மேலே எந்த நாகரிகம் வந்தாலும் தெருவோடு பேசும் கீழ்த்தளத்தில் தமிழ் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நம் பெரியவர்கள் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

திண்ணையைப் புகழ்கிறவன் ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. எல்லாரும் உட்காரும் இடமாக அது ஒருநாளும் இருந்ததில்லை. சாதி பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள். சிலரைத் தெருவிலேயே நிற்கவைத்துப் பேசினார்கள். சிலர் அந்த வீதிக்குள் வரவே தயங்க வேண்டியிருந்தது. பெண்களுக்கும் பகலில் திண்ணை கிடையாது. ஆண்கள் வெளியே போன பிற்பகலில், கதவோரமாக, கொஞ்ச நேரம் பூக்கட்டிக்கொண்டு உட்காரலாம், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் வாய்க்காலை வைத்து ஊரைப் பிரித்தான் என்றால், நாம் படிகளை வைத்து மனிதர்களைப் பிரித்தோம். இதை எடுத்துச்சொல்லி, 'போனால் போகட்டும் அந்தத் திண்ணை' என்று என்னிடம் வாதாடிய இளைஞர்கள் உண்டு. அவர்கள் கோபம் நியாயமானது.

ஆனால் திண்ணையை இடித்ததால் சாதி இடிந்துவிட்டதா? அது இரும்பு கேட்டுக்கு உள்ளே போய்ச் சுகமாக இருக்கிறது. முன்பு சிலருக்கு மறுத்த இடம் இப்போது எல்லாருக்கும் மறுத்த இடமாகியிருக்கிறது, அவ்வளவுதான் சமத்துவம். மறுத்த வழக்கத்தை ஒழித்து, இடத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். நாம் இடத்தை ஒழித்துவிட்டு வழக்கத்தை வைத்துக்கொண்டோம்.

பிரெஞ்சுக்காரர்கள் பகுதிக்கும் நியாயம் செய்ய வேண்டும். வீட்டு வாசலில் இடம் தராத அவர்கள், ஊருக்குப் பொதுவாக இடம் ஒதுக்கினார்கள். ஆளுநர் மாளிகைக்கு எதிரே பழைய கவர்னர் சதுக்கம், இன்றைய பாரதி பூங்கா, நடுவில் ஆயி மண்டபம். கடலோரம் நீண்ட உலாச்சாலை. மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிட்டு அந்தச் சாலையை நடப்பவர்களுக்கே விட்டுவிடும் ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. அங்கே நீங்கள் யார், எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. அந்த வகையில் பூங்கா பெஞ்சு திண்ணையைவிட ஒரு படி மேல். ஆனால் பூங்காவுக்குப் போக வேண்டும். திண்ணைக்குப் போக வேண்டியதில்லை, போகிற வழியில் அதுவே வரும். எழுபது தாண்டிய முழங்காலுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டாம்.

திண்ணைகள் எப்படிப் போயின? ஒரே நாளில் யாரும் தீர்மானம் போட்டு ஒழிக்கவில்லை. நான்கைந்து காரணங்கள் சேர்ந்து செய்த வேலை இது.

ஒன்று, பாகம். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு வீடு. ஒருவர் பிரான்சில், ஒருவர் சென்னையில். பேசி முடித்து விற்கிறார்கள். வாங்குகிறவர் இடித்துவிட்டு நாலு மாடி எழுப்புகிறார். மனை விலை இருக்கும் நிலையில் அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இரண்டு, வண்டி. முன்பு மனிதர்கள் உட்கார்ந்த இடத்தில் இன்று கார் நிற்கிறது. புதுக் கட்டடம் என்றால் கீழ்த்தளம் முழுக்கத் தூண்கள், தூண்களுக்கு நடுவில் வண்டிகள், முன்னால் இரும்பு ஷட்டர். வீதியில் நடந்து போகிறவரைப் பார்க்க ஒரு ஜன்னலும் இல்லை, ஒரு முகமும் இல்லை.

மூன்று, பயம். திருட்டுப் பயத்தில் மிச்சமிருந்த திண்ணைகளுக்குக் கம்பி போட்டார்கள். கம்பிக்குள்ளே செருப்பு ஸ்டாண்டும் தண்ணீர் கேனும் இருக்கின்றன. மனிதர்கள் இல்லை. வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருந்த வீதியில் திருடன் நுழையத் தயங்கினான் என்பதை மறந்துவிட்டோம். அந்தக் கண்களுக்குப் பதில் இன்று கேமரா வைத்திருக்கிறோம். கேமரா திருடனைப் படம் பிடிக்கும். நீங்கள் மயங்கி விழுந்தால் சோடா வாங்கி வராது.

நான்கு, தார். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் வீதி சில அங்குலம் உயரும். இப்படியே ஐம்பது ஆண்டு போனால் என்ன ஆகும்? மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடிக்கிறது, வண்டிப் புகை நேராக முகத்தில் அடிக்கிறது. மழைத் தண்ணீர் நடைக்குள் வருகிறது. அப்புறம் வீட்டுக்காரர் திண்ணையை இடித்துத் தரையை உயர்த்தாமல் என்ன செய்வார்? திண்ணையை இடித்தது அவர் கடப்பாரைதான், ஆனால் அதை அவர் கையில் கொடுத்தது தார்ச்சாலை.

ஐந்து, காகிதம். இதை அரசு அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கட்டட வரைபடத்தோடு வரும் படிவத்தில் தளப் பரப்பு, உயரம், வண்டி நிறுத்துமிடம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். திண்ணை, தாழ்வாரம் என்று ஒரு கட்டத்தை நான் பார்த்ததில்லை. கோப்பில் கட்டம் இல்லாத பொருள் அரசாங்கத்தின் கண்ணுக்கு இல்லாத பொருள். அது எப்போது கண்ணில் படுகிறது என்றால், ஆக்கிரமிப்பு அகற்றும்போது. அன்றைக்கு நூறு வருஷத்துத் தாழ்வாரத் தூணும், நேற்று நடைபாதையில் வைத்த விளம்பரப் பலகையும் ஒரே தராசில் ஏறும்.

இதையெல்லாம் தடுக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு வைசியாள் வீதியைக் காட்டுவேன். கல்வே சுப்புராய செட்டி வீதி என்பது அதன் இன்னொரு பெயர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ் சூர் லோ நகரங்களும் சேர்ந்த ஒரு திட்டத்தில், இன்டாக் அமைப்பின் மேற்பார்வையில் அந்த வீதியின் முகப்புகளைச் சீர்செய்தார்கள். ஒன்றிரண்டு வீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் வீதியின் ஒரு நீளத்தையே எடுத்துச் செய்ததுதான் அதில் புத்திசாலித்தனம். தாழ்வாரங்கள் மறுபடி வரிசையாக வந்தன. 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பகுதிக்கான மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

என் குறை ஒன்றே ஒன்றுதான். அது ஒரு வீதியோடு நின்றுவிட்டது. தவிர, முகப்பைக் காப்பாற்றினால் மட்டும் திண்ணை காப்பாற்றப்பட்டதாக ஆகிவிடாது. பழைய வீடுகள் சில இப்போது விடுதிகளாகியிருக்கின்றன. சுவரும் தூணும் பளபளவென்று இருக்கின்றன. திண்ணையில் பூச்சட்டியும் பித்தளைப் பாத்திரமும் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு திண்ணையில் நான் சற்று உட்கார்ந்தபோது, காவலாளி மிக மரியாதையாக, "சார், கெஸ்ட் யாரையாவது பார்க்கணுமா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குச் சொல்லிவைத்த வேலை அது. உட்காரக்கூடாத திண்ணை கண்காட்சிப் பொருள். மஞ்சள் மதிலுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

இன்னொரு தவறான பேச்சும் உண்டு. 'சிமெண்டு வந்தது, எல்லாம் கெட்டது' என்பார்கள். சிமெண்டு பாவம், அது என்ன செய்யும்? ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி முழுக்கக் கான்கிரீட். செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் செய்த அந்தோனின் ரேமண்ட் வரைந்தது. அவரோடு வேலை செய்த ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சாமரும் இங்கேயே தங்கிக் கட்டட வேலையைப் பார்த்தார்கள். 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை. வடக்கும் தெற்கும் பார்த்த அதன் நீண்ட பக்கங்களில் கண்ணாடி ஜன்னல் கிடையாது. திருப்பி வைக்கக்கூடிய சாய்வுப் பலகைகள் வரிசையாக இருக்கின்றன. வெயிலும் சாரலும் தடைபடும், காற்று மட்டும் உள்ளே வரும். அறைகளுக்குத் தேக்குச் சறுக்குக் கதவு, அதிலும் காற்றுக்கு வழி. புதுப் பொருளை வைத்து, இந்த ஊர்க் காற்றுக்கும் வெயிலுக்கும் மரியாதை கொடுத்துக் கட்டிய கட்டடம் அது. இன்றைக்கு அதே கான்கிரீட்டில் நாம் கட்டுவது, ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசி போடும் பெட்டி. ஏசியின் சூட்டையும் தெருவில் நடப்பவன் தலையில் கொட்டுகிறோம்.

பழைய வீடுகளை எல்லாம் அப்படியே வைத்திருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஓடு ஒழுகும் வீட்டில் வாழ்ந்து பார்த்தவன் அப்படிக் கேட்கமாட்டான். நான் கேட்பது சில சின்னக் காரியங்கள்.

வாய்க்காலுக்கு மேற்கே பழைய வீதிகளில் புதிதாகக் கட்டுகிறவர், கீழ்த்தள முகப்பில் நாலடி நீளத்துக்காவது திண்ணையும் மேலே நிழலும் வைத்தால், அந்தப் பரப்பைத் தளப் பரப்புக் கணக்கில் சேர்க்காமல் விடட்டும். வீட்டு வரியிலும் கொஞ்சம் சலுகை தரட்டும். சட்டம் போட்டு மிரட்டுவதைவிடச் சலுகை வேலை செய்யும். பயனில்லாத கட்டடத்துக்கெல்லாம் சலுகை தரும் நாட்டில் இது பெரிய விஷயமில்லை.

சாலை போடுமுன் பழைய தாரைச் சுரண்டி எடுக்கட்டும். இயந்திரம் இருக்கிறது, முறையும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதி, எழுதியபடி செய்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

ஆக்கிரமிப்பு அகற்றும்போது, நடப்பவருக்கு நிழலும் இடமும் கொடுக்கும் தாழ்வாரத்தையும், நடப்பவரைச் சாலையில் இறக்கிவிடும் ஜெனரேட்டரையும் படிக்கட்டையும் பிரித்துப் பார்க்கட்டும். நடைபாதையைத் தடுக்கிறதா, தருகிறதா என்று கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

பென்ஷன் தரும் வங்கிகள், அரசு அலுவலகங்கள், மருந்துக் கடைகள் எல்லாம் வெளிச்சுவரை ஒட்டி ஒரு மேடை கட்டட்டும். நவம்பர் மாதம் ஆயுள் சான்று கொடுக்கப் போகிறவர்களைப் பாருங்கள். உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க, வெயிலில் நின்று உயிரை விடவேண்டியிருக்கிறது. ஐந்நூறு செங்கல்லில் முடிகிற வேலை அது. அந்தத் திண்ணையில் யாரும் சாதி கேட்கமாட்டார்கள், பெண்கள் பகலிலேயே உட்காரலாம். நம் பெரியவர்கள் கட்டியதைவிட நல்ல திண்ணையாக அது இருக்கும்.

கடைசியாக, நாமே செய்யக்கூடியது. இன்னும் திண்ணை வைத்திருக்கும் அதிர்ஷ்டசாலிகள் கம்பியில் ஒரு பக்கத்தையாவது கழற்றுங்கள். செருப்பு ஸ்டாண்டை உள்ளே கொண்டு போங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம், தொலைக்காட்சிக்கு எதிரே உட்காருவதற்குப் பதில் வாசலில் உட்காருங்கள். இரண்டு நாள் யாரும் வரமாட்டார்கள். மூன்றாம் நாள் யாராவது நின்று, "என்ன, உடம்பு சௌக்கியமா?" என்று கேட்பார்கள்.

எங்கள் வீதியில் சென்ற ஆண்டு ஒரு பெரியவர் தனியாக இருந்து காலமானார். பிள்ளைகள் வெளிநாட்டில். கீழ்த்தளம் வண்டி நிறுத்துமிடம், அவர் குடியிருந்தது மூன்றாம் மாடி. விஷயம் எங்களுக்குத் தெரிய இரண்டு நாள் ஆனது. பத்து வருஷத்துக்கு முன்பு அதே மனையில் திண்ணை வைத்த வீடு இருந்தது. காலையில் அவர் வாசலில் செய்தித்தாள் படிக்க உட்காரவில்லை என்றால் எட்டு மணிக்குள் யாராவது கதவைத் தட்டியிருப்பார்கள். அதனால் அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த இரண்டு நாள் இருந்திருக்காது என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது வீட்டை இடித்துக் கட்டும் யோசனையில் இருந்தால், வரைபடம் போடும் பொறியாளரிடம் வாசலில் ஒரு திண்ணை வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள். அவர் எதற்கு என்று கேட்பார். வயதானவர்கள் நடந்து போகிற வீதி என்று சொல்லுங்கள்.